டிரை பைக்: வீட்டிலேயே பார்ப்பதா, கடைக்குக் கொண்டு போவதா?

போன மாதம் என் அக்கா மகன் பழைய டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) சைக்கிள் ஒன்றை, சுருக்கமாக டிரை பைக், வாங்கிக்கொண்டு வந்தான். கார்பன் ஃபிரேம், பின்னால் 11 கியர், முன்பு வைத்திருந்தவர் லங்காவி அயர்ன்மேன் (நீள டிரையத்லான்) போட்டியை இரண்டு முறை முடித்தவராம். இறக்கி வைத்த அன்றே கேட்டான்: "மாமா, சாமான் வாங்கி வீட்டிலேயே பார்த்துக்கட்டுமா, இல்ல மாசா மாசம் கோலாலம்பூர் கடைக்கே கொண்டு போகட்டுமா?" அப்போதைக்கு ஏதோ பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் நம்மைப் போல் தோட்டத்துச் சின்ன டவுனில் இருந்துகொண்டு இந்த விளையாட்டுக்குள் வருகிற எல்லோருக்கும் முதல் வருஷமே இந்தக் கேள்வி வந்துவிடுகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சிலிம் ரிவர். சுற்றிலும் செம்பனை, அங்கங்கே மிச்சம் இருக்கிற ரப்பர், நடுவில் பழைய டிரங்க் ரோடு. வடக்கே ஈப்போ, தெற்கே கோலாலம்பூர், எந்தப் பக்கம் போனாலும் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஆக, கையில் இருக்கும் வழிகள் மூன்று. பெரிய ஊரில் டிரை பைக் பழகிய கடை, டவுனில் இருக்கும் சைக்கிள் கடை, அப்புறம் நம் வீட்டு முன்வாசல்.

பலரும் எந்த வேலை கஷ்டம், எது சுலபம் என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். கஷ்டமானது கடைக்கு, சுலபமானது வீட்டுக்கு என்று. நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் பிரித்தேன், அது நம் ஊருக்குச் சரிவரவில்லை. நான் இப்போது பார்ப்பது வேறு. அந்த வேலை எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது? அதைத் தப்பாகச் செய்தால் என்ன போகும்? வாரா வாரம் வருகிற வேலை எவ்வளவு சள்ளையாக இருந்தாலும் அதை வீட்டில் கற்றுக்கொண்டே ஆக வேண்டும், ஏனென்றால் வாரா வாரம் யாரும் கோலாலம்பூர் போகப் போவதில்லை, போகாவிட்டால் அந்த வேலை நடக்கவே நடக்காது. வருஷத்துக்கு ஒருமுறை வருகிற வேலை சுலபமாகவே இருந்தாலும், அதற்கென்று 300 வெள்ளிக்கு (ரிங்கிட்) சாமான் தேவைப்பட்டால் கடைக்காரரிடம் கொடுத்துவிடலாம்.

முதலில் டவுன் கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் ஒதுக்கிவிடுகிறார்கள். எங்கள் டவுனில் ஒரு சீன அங்கிள் பல வருஷமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். பள்ளிப் பிள்ளைகள் சைக்கிள், தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசத்துப் பையன்கள் சைக்கிள் என்று நாள் முழுக்கக் கூட்டம். கார்பன் ஃபிரேமை அவர் தொடமாட்டார், "இது எனக்குப் பழக்கம் இல்லை" என்று நேராகச் சொல்லிவிடுவார், அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். ஆனால் சக்கரம் கோணலாகிவிட்டால் ஸ்போக்கை இழுத்து நேராக்குவதில் அவர் கைக்கு ஈடான கை நான் பெரிய ஊர்க் கடையிலும் பார்த்ததில்லை. பயிற்சிக்கு ஓட்டும் சாதாரண அலுமினியச் சக்கரம் எப்போதுமே அவரிடம்தான். மிதி கழலாமல் இறுகிக் கிடந்தாலும் அவர்தான், நீள ஸ்பானரும் அனுபவமும் அவரிடம் இருக்கிறது. (இடது பக்க மிதியின் மரை தலைகீழ் என்பதை மறந்துவிட்டு மேலும் மேலும் இறுக்கி எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் வாரத்துக்கு ஒருத்தராவது இருப்பார்கள் என்று அவரே சொல்வார்.)

பெரிய ஊர்க் கடையின் பலம் வேறு. ஆனால் அதன் உண்மையான செலவைக் கணக்குப் போடும்போது நாம் ஒரு பயணத்தை விட்டுவிடுகிறோம். கொண்டு போய்க் கொடுத்த அன்றே வேலை முடிவதில்லை, மூன்று நான்கு நாள் வைத்திருப்பார்கள், திரும்பவும் போய் எடுத்து வர வேண்டும். இரண்டு முறை போக, இரண்டு முறை வர, டோல், பெட்ரோல், அரை நாள் விடுப்பு, நடுவில் ஒரு வாரப் பயிற்சி போச்சு. 80 வெள்ளி சர்வீஸ் என்று போட்டிருக்கும், நம் வீட்டு வாசலில் அது 200 வெள்ளிக்கு மேல் வந்து நிற்கும். அப்படியும் ஒருமுறை, எந்தக் கடை என்று சொல்ல வேண்டாம், எடுத்து வந்த மறுநாள் துரோலாக் பக்கம் ஏரோ பாரில் (முழங்கையை ஊன்றிப் பிடிக்கும் முன் கம்பிகள்) குனிந்து போய்க்கொண்டிருக்கும்போது வலது முழங்கைப் பேட் கையோடு சேர்ந்து சுழன்றது. ஒரு ஸ்குரூவை இறுக்காமல் விட்டிருந்தார்கள். எதிரே லாரி வரவில்லை. அன்றிலிருந்து யார் வேலை பார்த்துக் கொடுத்தாலும் ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு ஸ்குரூவையும் நானே ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடுவேன். அந்தத் தொட்டுப் பார்க்கும் பழக்கத்துக்கே ஒரு டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) வேண்டும், ஆக வீட்டில் சாமானே இல்லாமல் இருப்பது என்ற வழி உண்மையில் கிடையாது.

சரி, நம் ஊர் இந்த சைக்கிளை என்ன செய்கிறது என்று பார்ப்போம். சூரியன் ஏழு மணிக்குத்தான் எழுகிறது, லாரிகள் ஓடத் தொடங்குவதற்குள் முடிக்க வேண்டுமென்றால் இருட்டில் ஐந்தரைக்கே கிளம்ப வேண்டும். ரோடு அப்போது ஈரமாகவே இருக்கும். செம்பனைக் குலை ஏற்றி வரும் லாரிகள் தோட்டத்து வழியிலிருந்து டயரில் ஒட்டிக்கொண்டு வருகிற செம்மண் டிரங்க் ரோட்டில் விழுந்து கிடக்கும், காய்ந்தால் தூள், நனைந்தால் சாந்து. அது செயினில் இருக்கும் எண்ணெயோடு சேர்ந்தால் உப்புத்தாள் போல ஆகிவிடுகிறது. ஐரோப்பாக்காரர்கள் எழுதும் "இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினைத் துடைக்கவும்" என்ற கணக்கெல்லாம் இங்கே செல்லாது. இங்கே மழையில் போனால் அன்றே துடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மண்ணை விட மோசமானது நம் வியர்வை. சாதாரண ரோடு பைக்கில் நிமிர்ந்து உட்காருகிறோம், வியர்வை தொடையிலும் ஃபிரேமிலும் பரவி விழும். டிரை பைக்கில் தலை ஏரோ பாருக்கு நேர் மேலே இருக்கிறது, இரண்டு மூன்று மணி நேரம் நெற்றியிலிருந்து சொட்டும் உப்புத் தண்ணீர் முழுக்க ஸ்டெம் (கைப்பிடியைப் பிடித்திருக்கும் துண்டு) ஸ்குரூ மேலும், ஹெட்செட் (கைப்பிடி திரும்பும் பேரிங்) மூடி மேலும், முழங்கைப் பேட் அடியிலும் ஒரே இடத்தில் விழுகிறது. கைகளுக்கு நடுவில் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தால் அதிலிருந்து சிந்தும் சர்க்கரைப் பானமும் அதோடு சேரும். வீட்டில் ஃபேன் இல்லாமல் டிரெயினரில் (நின்ற இடத்திலேயே சைக்கிள் ஓட்டும் சாதனம்) ஓட்டுகிறவர்களுக்கு இது இன்னும் வேகம். இரும்பு ஸ்குரூ துருப்பிடித்து, ஆலன் கீ போடும் பள்ளம் உருண்டையாகி, கடைசியில் துளை போட்டு எடுக்க வேண்டிய நிலை வரும்.

அதைவிடப் பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாது. பேஸ் பார் (ஏரோ பாரைத் தாங்கும், பிரேக் இருக்கும் கைப்பிடி) அலுமினியமாக இருந்தால், மேலே சுற்றியிருக்கும் டேப்புக்கு அடியில் உப்பு தங்கி உலோகத்தை அரித்துக்கொண்டே இருக்கும். வெளியே பார்க்க டேப் புதுசு போல இருக்கும், உள்ளே வெள்ளை மாவு பூத்து, குழி விழுந்து கிடக்கும். பாதி வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது அந்த இடத்தில் பார் ஒடிந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அக்கா மகன் வாங்கி வந்த சைக்கிளில் நான் முதலில் செய்தது டேப்பைப் பிரித்ததுதான். இடது பக்கம் நகத்தால் கீறினாலே பொடி உதிர்ந்தது, பாரை மாற்றச் சொல்லிவிட்டேன், மாற்றும் வரைக்கும் ஓட்டாதே என்றும் சொன்னேன். பழைய சைக்கிள் வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதை முதல் நாளே பாருங்கள்.

இந்த வியர்வை வேலை முழுக்க வீட்டு வேலை. ஓட்டி வந்ததும் ஒரு ஈரத்துணியால் அந்த முன்பகுதியைத் துடைத்து, அப்புறம் காய்ந்த துணி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஸ்டெம்மிலும் ஏரோ பாரிலும் உள்ள ஸ்குரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி (எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றினால் பொசிஷன், அதாவது உட்காரும் அளவு, போய்விடும், ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள்) மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி திரும்பவும் இறுக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை டேப் மாற்றம். எந்தக் கடையும் இதை உங்களுக்காக மாதா மாதம் செய்யப் போவதில்லை.

கழுவுவதில் ஒரு ஒப்பீடு இருக்கிறது. டவுனில் மோட்டார் கழுவும் கடைகளில் சில வெள்ளிக்குப் பையன்கள் ஹைபிரஷர் அடித்து இரண்டு நிமிஷத்தில் பளபளவென்று கொடுத்துவிடுவார்கள், களைத்து வரும்போது மனசு அங்கேதான் போகும். வேண்டாம். அந்தத் தண்ணீர் பேரிங்குக்குள்ளும் ஃபிரேமுக்குள்ளும் போய்விடும். டிரை பைக் ஃபிரேமில் கேபிள் நுழையும் ஓட்டைகள் நிறைய, உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழி தேடிக்கொண்டு பெடல் அச்சுப் பக்கம் (இரண்டு மிதிக் கைகளும் சேரும் இடம்) தங்கிவிடும். ஒரு வாளி தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய டூத் பிரஷ் போதும், 15 நிமிஷம்.

எண்ணெய் விஷயத்தில் எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு, நான் நான்கையும் செய்து பார்த்துவிட்டேன். நம் வீடுகளில் எப்போதும் ஒரு டபிள்யூடி-40 டப்பா இருக்கும், அதைச் செயினில் அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது 1953-இல் தண்ணீரை விரட்டுவதற்காகச் செய்யப்பட்டது, பெயரே (வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட்) அதைத்தான் சொல்கிறது. செயின் ஓடத் தேவையான எண்ணெய்ப் படலம் அதில் தங்காது, அதோடு டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் அந்தத் தூறல் ரோட்டரில் (பிரேக் பிடிக்கும் வட்டத் தட்டு) பட்டால் பிரேக் பேடே கெட்டுவிடும். இரண்டாவது, மழைக்கென்று விற்கும் கெட்டி எண்ணெய். மழையில் நிற்கும், ஆனால் நம் செம்மண்ணை ஒட்டி இழுத்துக்கொள்ளும். மூன்றாவது, சொட்டு மெழுகு. சுத்தமாக இருக்கும், மண் ஒட்டாது, விலை கொஞ்சம் கூட. நான்காவது, செயினைக் கழற்றி உருக்கிய பாரஃபின் மெழுகில் முக்குவது. ஓட்டத்துக்கு அதுதான் மிகச் சிறந்தது, கையில் கறுப்பு ஒட்டாது, செயினும் கேசட்டும் (பின் சக்கரத்துப் பல்சக்கரத் தொகுதி) நெடுநாள் உழைக்கும். ஆனால் முதல் முறை செயினில் இருக்கும் கம்பெனி கிரீஸை மண்ணெண்ணெய் போன்றதில் ஊறவைத்து முழுதாக நீக்க வேண்டும், இல்லாவிட்டால் மெழுகு ஒட்டாது. இன்னொன்று, மழையில் நனைந்த மெழுகுச் செயினை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் துரு. மெழுகு உருக்க எரியும் அடுப்பை வைக்காதீர்கள், மின்சாரச் சமையல் பாத்திரம் ஒன்றைத் தனியாக ஒதுக்குங்கள். என் முடிவு: வாரத்தில் மூன்று நாள், அதுவும் விடிகாலை ஈரத்தில் ஓட்டுகிறவர்களுக்குச் சொட்டு மெழுகு, ஓட்டி வந்ததும் துடைத்துவிட்டு இரவே சொட்டு விட்டுவிட்டால் காலைக்குள் காய்ந்திருக்கும். போட்டி வாரத்தில் மட்டும் முக்கி எடுத்த செயின்.

செயின் தேய்மானத்தைப் பார்ப்பதும் வீட்டு வேலை. 30 வெள்ளிக்கு ஒரு செயின் அளவி வாங்கலாம், அதுகூட இல்லாவிட்டால் ஒரு நல்ல இரும்பு அளவுகோல். புதுச் செயினில் 24 கண்ணிகள், முதல் ஊசியின் மையத்திலிருந்து கடைசி ஊசியின் மையம் வரை, சரியாக 12 அங்குலம் இருக்கும். அது 12 அங்குலத்துக்கு மேல் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தாண்டிவிட்டால் ஏறக்குறைய 0.5 சதவீதம் நீண்டுவிட்டது என்று அர்த்தம், 11, 12 கியர் வைத்திருப்பவர்கள் அங்கேயே மாற்றிவிட வேண்டும். இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று விட்டால் செயினோடு கேசட்டும் போகும், அதன் விலை செயினைப் போல இரண்டு மூன்று மடங்கு. இந்த ஒரு அளவை மாதம் ஒருமுறை எடுத்தாலே மற்ற சாமான்களுக்குப் போட்ட பணம் திரும்பி வந்துவிடும்.

இப்போது டார்க் ரெஞ்ச். நான் ஆலையில் ஃபிட்டர் வேலை பார்ப்பவன், கை அளவிலேயே இறுக்கம் தெரியும் என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது. அந்த நம்பிக்கையில்தான் என் முதல் கார்பன் சீட் போஸ்ட்டை உடைத்தேன். ஆலையில் பழகிய கை இரும்புக்குப் பழகிய கை, கார்பன் இரும்பு மாதிரி "போதும்" என்று சொல்லாது, ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். ஸ்டெம்மிலும் சீட் கிளாம்பிலும் பெரும்பாலும் 5 அல்லது 6 நியூட்டன் மீட்டர் என்று அந்த இடத்திலேயே அச்சிட்டிருக்கும். அது நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. அந்த இறுக்கத்தில் சீட் போஸ்ட் கீழே இறங்கினால் மேலும் இறுக்காதீர்கள், கார்பனுக்கென்று மணல் போலச் சொரசொரப்பாக ஒரு பேஸ்ட் விற்கிறது, அதைத் தடவினால் அதே இறுக்கத்தில் பிடித்துக்கொள்ளும். 2-லிருந்து 20 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் சின்ன ரெஞ்ச் போதும். கார் டயர் கழற்றும் பெரிய ரெஞ்ச் இதற்கு உதவாது, அவ்வளவு குறைந்த அளவில் அது சரியாகக் காட்டாது.

ஸ்டாண்ட் வாங்குவதா வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: சாதாரண ஸ்டாண்டின் வாய் உருண்டையான சீட் போஸ்ட்டைப் பிடிக்கச் செய்தது. டிரை பைக்கின் போஸ்ட் மீன் துடுப்பு போலத் தட்டையானது, அதில் மாட்டினால் கார்பன் நசுங்கும், ஃபிரேம் குழாயில் மாட்டவே கூடாது. முன் ஃபோர்க்கையும் அடிப்பகுதியையும் தாங்கும் வகை ஸ்டாண்ட் நல்லது, விலை அதிகம். நான் முன்வாசல் விட்டத்தில் இரண்டு கயிறு போட்டு, ஒன்றில் சீட் மூக்கு, இன்னொன்றில் பேஸ் பார் என்று தொங்கவிடுகிறேன், ஏழு வருஷமாக அதுதான்.

அடுத்து, இந்தச் சைக்கிளை நாம் வாங்குவதற்கே காரணமான விஷயம், பொசிஷன். இதில்தான் வீடு, கடை இரண்டுமே அவசியம், ஆனால் வரிசை முக்கியம். ரோடு பைக்கில் சீட் குழாய் ஏறக்குறைய 73 டிகிரி சாய்வு, டிரை பைக்கில் 76-லிருந்து 80 வரை வரும், அதாவது உடல் பெடலுக்கு மேலே முன்னால் வருகிறது. அப்படி வந்தால்தான் குனிந்த நிலையிலும் இடுப்பு மடிப்பு திறந்திருக்கும், தொடை வயிற்றில் இடிக்காது, இறங்கி ஓடும்போது கால் உயிரோடு இருக்கும். இதை முதல் முறை நாமே கண்ணாடியைப் பார்த்துச் செய்வது சரிவராது. முதல் முறை பெரிய ஊரில் டிரை பொசிஷன் தெரிந்தவரிடம் பணம் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள், அந்த ஒரு பயணம் அதன் காசுக்குத் தகும்.

ஆனால் அங்கே நீங்கள் ஓட்டுவது அரை மணி நேரம், ஏர்கானில், ஓடாத சைக்கிளில். உண்மையான பதில் தாப்பா வரை போய்த் திரும்பும் ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டத்தில், இரண்டாவது மணி நேரத்துக்கு அப்புறம் வரும். கழுத்து பிடித்துக்கொள்ளும், அல்லது முன்பக்கம் மரத்துப்போகும், அல்லது ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் உடல் தானாகச் சீட்டின் நுனிக்கு நகரும். அதைச் சரிசெய்ய ஒவ்வொரு முறையும் 100 கிலோமீட்டர் கார் ஓட்ட முடியாது. அதனால் பொசிஷன் செய்துகொண்டு வந்த அன்று மாலையே எல்லா அளவையும் எழுதி வையுங்கள்: பெடல் அச்சின் மையத்திலிருந்து சீட் மேல் வரை, அச்சுக்கு நேராகத் தூக்குநூல் விட்டுச் சீட் மூக்கு எவ்வளவு முன்னால் அல்லது பின்னால், சீட் மூக்கிலிருந்து முழங்கைப் பேட் பின் விளிம்பு, சீட்டுக்கும் பேடுக்கும் உயர வித்தியாசம், இரண்டு பேடுகளுக்கு நடுவில் எவ்வளவு, ஏரோ பார் நீளம். அப்புறம் சீட் போஸ்ட்டில் ஒரு சின்ன டேப் ஒட்டிக் குறி. நான் இதைச் சமையலறைக் காலண்டரின் பின்னால் எழுதி வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், 3 அல்லது 5 மில்லிமீட்டருக்கு மேல் இல்லை, குறைந்தது இரண்டு நீள ஓட்டம் அதில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்தது. சீட்டை முன்னால் தள்ளினால் பெடலுக்கும் சீட்டுக்கும் இடையில் தூரம் குறைந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள், 1 சென்டிமீட்டர் தள்ளினால் சீட்டை 2, 3 மில்லிமீட்டர் உயர்த்த வேண்டி வரும், பேடுகளையும் அதற்கேற்ப முன்னால் கொண்டுபோக வேண்டும். கழுத்து வலி என்றால் பேடுக்கு அடியில் ஒரு ஸ்பேசர் (உயர்த்தும் துண்டு) கூட்டுங்கள். தாழ்வாக இருந்தால் வேகம் என்று எல்லோரும் தாழ்த்திக்கொண்டே போகிறார்கள். லங்காவியின் 180 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டத்தில் பாதி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் அந்தத் தாழ்வினால் என்ன லாபம்? 2 சென்டிமீட்டர் உயரமான பேடில் முழு நேரமும் குனிந்து இருப்பவர் முன்னால் போய்விடுவார். இதை எனக்கு யாரும் கடையில் சொல்லவில்லை, என் முதல் லங்காவியில் 120-ஆவது கிலோமீட்டரில் கழுத்தைத் தூக்க முடியாமல் போனபோது தெரிந்துகொண்டேன்.

கியர் பக்கம் வருவோம். கியர் டிக்டிக் என்று சத்தம் போடுகிறது, பெரிய பல்லுக்கு ஏற மறுக்கிறது என்றால் பத்தில் எட்டு முறை கேபிள் கொஞ்சம் தளர்ந்திருக்கும், பின் டெரைலரில் (செயினைப் பல் மாற்றும் பாகம்) இருக்கும் உருளையை இடது பக்கமாகக் கால் சுற்று திருப்பினால் கேபிள் இறுகிச் சரியாகிவிடும். இதற்காகக் கடைக்குப் போவது பாவம். எல்லை ஸ்குரூ இரண்டையும் (செயின் ஓரம் தாண்டாமல் தடுப்பவை, எச், எல் என்று போட்டிருக்கும்) காரணம் இல்லாமல் தொடாதீர்கள், தானாக அது மாறுவதில்லை. உருளையைத் திருப்பியும் ஒரு பக்கம் சரியானால் மறுபக்கம் கெடுகிறது என்றால் ஹேங்கர் (டெரைலரை ஃபிரேமில் மாட்டும் சின்னத் துண்டு) வளைந்திருக்கும், சைக்கிள் வலது பக்கம் விழுந்திருந்தால் அநேகமாக அதுதான். அதை நிமிர்த்த தனிச் சாமான் வேண்டும், எப்போதோ வருகிற வேலை, பெரிய ஊர்க் கடைக்கு விட்டுவிடலாம். ஒரு உபரி ஹேங்கரை மட்டும் உங்கள் ஃபிரேமுக்கென்று வாங்கி வீட்டில் வையுங்கள், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வேறு வேறு, அவசரத்தில் கிடைக்காது.

கேபிள் மாற்றுவதுதான் டிரை பைக்கில் பலரையும் பயமுறுத்துவது. ஏரோ பார் நுனியிலிருந்து பார் உள்ளே, ஃபிரேம் உள்ளே என்று பாம்பு போல வளைந்து போகும், அந்த வளைவுகளில் அழுக்கும் உப்பும் சேர்ந்தால் கியர் கனத்துவிடும். ஒரு தந்திரம் தெரிந்தால் இது வீட்டு வேலை: பழைய கேபிளை உருவுவதற்கு முன் அதன் மேலேயே மெல்லிய பிளாஸ்டிக் குழாயை ஃபிரேம் முழுவதும் நுழைத்துவிடுங்கள், பிறகு கேபிளை உருவி, குழாய் வழியாகப் புதியதை விட்டு, குழாயை உருவிவிடலாம். தெரியாமல் முதலில் கேபிளை உருவிவிட்டால் காந்தத்தை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் தேட வேண்டியதுதான். எலக்ட்ரானிக் கியர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையே இல்லை, சார்ஜ் மட்டும் பாருங்கள். ஸ்ராம் கம்பெனியின் ஏஎக்ஸ்எஸ் கியர் என்றால் முன், பின் பேட்டரி இரண்டும் ஒன்றே, வழியில் பின் பேட்டரி தீர்ந்தால் முன்னதைக் கழற்றிப் பின்னால் போட்டு வீடு வந்துவிடலாம்.

பிரேக்கில் நான் கறார். ரிம் பிரேக் பேட் மாற்றுவது வீட்டில், கார்பன் சக்கரத்துக்குக் கார்பனுக்கான பேட்தான் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய டிரை ஃபிரேம்களில் பின் பிரேக் பெடல் அச்சுக்கு அடியில் ஒளிந்திருக்கும், லாரிச் சேறு நேராக அதன் மேல்தான், மழைக்கு அப்புறம் அங்கே பிரஷ் போட மறக்காதீர்கள். டிஸ்க் பிரேக்கில் பேட் மாற்றுவது வீட்டில், ஆயில் மாற்றுவது கடையில். ஷிமானோவுக்கு மினரல் ஆயில், ஸ்ராமின் பெரும்பாலான ரோடு பிரேக்குகளுக்கு டாட் ஆயில், ஒன்றில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிப்போய் மொத்தமும் வீண். டாட் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் நம் புழுக்கத்தில் வருஷம் ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. வருஷத்துக்கு ஒருமுறை, தப்பினால் உயிர், அதனால் கடை. பேரிங் அழுத்திப் போடுவதும் அப்படியே.

டயரில் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். கொக்கி இல்லாத விளிம்புள்ள புது வகைச் சக்கரங்களில் 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐக்கு மேல் காற்று ஏற்றக் கூடாது, பழைய பழக்கத்தில் 110 ஏற்றினால் டயர் கழன்று வெடிக்கலாம். டியூப்லெஸ் பால் (டியூப் இல்லாத டயரில் ஓட்டையை அடைக்க ஊற்றும் திரவம்) நம் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும், நான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊற்றுகிறேன். டிஸ்க் வீல் (ஸ்போக் தெரியாமல் முழுத் தட்டாக இருக்கும் சக்கரம்) வாடகைக்கு எடுப்பவர்கள் வளைந்த பம்ப் தலையையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள், சாதாரண பம்ப் தலை அந்த ஓட்டைக்குள் நுழையாது, போட்டி அன்று காலை ஐந்து மணிக்கு அதைக் கண்டுபிடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு லங்காவியும் ஒரு காரணம். பெட்டியில் போட்டு விமானத்தில் கொண்டு போனாலும், வேனில் ஏற்றி ஃபெரியில் போனாலும் மிதி, சீட் போஸ்ட், ஏரோ பார் ஏதாவது ஒன்றைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றியதை ஹோட்டல் அறையில், போட்டிக்கு இரண்டு நாள் முன், படபடப்போடு, திரும்பவும் அதே மில்லிமீட்டரில் பூட்ட வேண்டும். வீட்டில் ஐந்து முறை கழற்றிப் பூட்டியவருக்கு அது அரை மணி நேர வேலை. முதல் முறையாக அங்கே செய்பவர் மெக்கானிக் வரிசையில் நின்றுகொண்டிருப்பார், அந்த வரிசை நீளமானது.

கணக்கு என்று கேட்டால், நான் இரண்டு வருஷத்தில் மெல்ல மெல்ல வாங்கிய சாமான்கள் எல்லாம் சேர்ந்து 500 வெள்ளிக்குள். டார்க் ரெஞ்சும் நல்ல ஆலன் கீயும்தான் முதலில், அதில் கஞ்சம் பிடித்து மலிவு கீ வாங்கினால் ஸ்குரூ தலை போகும். அப்புறம் அளவு காட்டும் நின்ற பம்ப், செயின் அளவி, செயின் கழற்றும் கருவி. கேசட் கழற்றும் சாமான் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெரிய பெட்டியில் 40 சாமான் சேர்ந்து வருகிற செட் வேண்டாம், அதில் பாதி உங்கள் சைக்கிளுக்கு ஆகாது. மிச்சப் பணத்தை வருஷம் ஒரு முழு சர்வீஸுக்கு ஒதுக்குங்கள், போட்டிக்கு ஆறு வாரம் முன்னால், அப்போது அவர்கள் ஏதாவது பாகம் வரவழைக்க வேண்டியிருந்தாலும் நேரம் இருக்கும், மாற்றிய பாகத்தில் நீங்கள் சில நீள ஓட்டம் ஓட்டிப் பார்க்கவும் முடியும்.

அக்கா மகனுக்குப் புது பேஸ் பார் புதன்கிழமை வந்து சேர்ந்தது. கடைக்குக் கொண்டு போகட்டுமா என்று திரும்பவும் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை மழை வருவதற்கு முன் சைக்கிளைக் கொண்டு வா, பழைய டூத் பிரஷ் இரண்டு எடுத்துக்கொள், கயிறும் வாளியும் இங்கே இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.